குடிநீர்க் குளத்தின் நீரேந்துப் பிரதேசத்துக்கு உபவிதி: வரைபடத்திலிருந்து வர்த்தமானி வரை

இந்த வழிகாட்டி பிரதேச சபை உறுப்பினர்கள், செயலாளர்கள், கிராம அபிவிருத்திச் சங்கக்காரர், கமக்காரர் அமைப்பினர் ஆகியோருக்கானது. உபவிதி என்பது ஒரு சபை தன் எல்லைக்குள் செய்யும் விதி; நீரேந்துப் பிரதேசம் என்பது மழைநீர் வடிந்து குளத்துக்கு வந்துசேரும் நிலப்பரப்பு. குளத்து நீரைச் சுத்திகரித்துக் குழாயில் விடும் திட்டங்களை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். உதாரணத்துக்குப் பெரும்பாலும் உன்னிச்சைக் குளத்தையே எடுத்துக்கொள்கிறேன். அங்கிருந்து எடுக்கப்படும் நீர் வவுணதீவில் சுத்திகரிக்கப்பட்டு மட்டக்களப்புக் கரையோர ஊர்களுக்குப் போகிறது. காத்தான்குடி, ஆரையம்பதி போன்ற மணல் மண்ணில் கிணற்று நீரைக் காப்பது வேறு கணக்கு. அது இங்கே இல்லை.

புதிதாக இறங்குபவர்கள் எல்லோரும் செய்வது ஒன்றுதான்: முதல் கூட்டத்திலேயே உபவிதியின் வாசகத்தை எழுதத் தொடங்கிவிடுவார்கள். கீழே பாருங்கள், அது 6ஆவது வேலை. முன்னாலுள்ள ஐந்தையும் விட்டு எழுதப்பட்ட உபவிதி, ஒன்றில் சட்ட ஆலோசகரின் மேசையில் நின்றுவிடும், அல்லது வர்த்தமானியில் வந்த பிறகு யாரும் தொடாத தாளாகக் கிடக்கும்.

1. தொடங்குமுன் சேர்க்க வேண்டியவை

நில அளவைத் திணைக்களத்தின் 1:50,000 இடவிளக்கப் படம் முதலில் வேண்டும். அடுத்து, குளத்தின் முழுக் கொள்ளளவு மட்டத்தையும் (குளம் நிறைந்து நிற்கும்போது நீர் எட்டும் மட்டம்) அதற்கு மேலுள்ள ஒதுக்கீட்டு எல்லையையும் (குளத்துக்கென ஒதுக்கிய கரை நிலத்தின் எல்லை) காட்டும் படம். உன்னிச்சை போன்ற பெரிய குளத்துக்கு இது நீர்ப்பாசனத் திணைக்களத்திடம் இருக்கும். 80 ஹெக்டேயருக்குக் குறைவான வயலுக்குப் பாயும் சிறு குளமென்றால் கமநல அபிவிருத்தித் திணைக்களத்திடம் கேளுங்கள். கிராம சேவகர் பிரிவு எல்லைகளைப் பிரதேச செயலகத்திலும், காணிப் பயன்பாட்டு வரைபடத்தைக் காணிப் பயன்பாட்டுக் கொள்கைத் திட்டமிடல் திணைக்களத்தின் மாவட்ட அலுவலகத்திலும் பெறலாம்.

நீர்த்தர அறிக்கை கேட்கும்போதுதான் அதிகம் பேர் தவறுகிறார்கள். நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையிடம் குழாய் நீரின் அறிக்கையைக் கேட்பார்கள். அது இலங்கையின் குடிநீர்த் தரமான எஸ்.எல்.எஸ். 614க்குள் இருக்கும். "எல்லாம் சரியாகத்தானே இருக்கிறது" என்று கூட்டமும் கலைந்துவிடும். அந்த அறிக்கை சுத்திகரிப்பு நிலையம் ஒழுங்காக வேலை செய்கிறது என்பதை மட்டுமே சொல்லும். நீங்கள் கேட்க வேண்டியது குளத்திலிருந்து எடுக்கும் இடத்துப் பச்சை நீரின், அதாவது சுத்திகரிக்காத நீரின், அறிக்கை: கலங்கல், நிறம், நைத்திரேற்று, பொசுபேற்று, ஈ. கோலை, பாசி. அதுவும் மாதவாரியாக. மாரியில் எது ஏறுகிறது, கோடையில் எது ஏறுகிறது என்று தெரிந்தால் பாதி நோய் பிடிபட்டுவிடும். மழைக்குக் கலங்கல் ஏறினால் மேலே மண் அரிபடுகிறது. நீர் வற்றும்போது பாசி கூடினால் உரமும் சாணமும் சேர்ந்திருக்கிறது.

ஆவணம் தர இழுத்தடித்தால் சண்டை வேண்டாம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுத்தில் விண்ணப்பியுங்கள். தருவதா மறுப்பதா என்று 14 வேலை நாட்களுக்குள் தகவல் அலுவலர் முடிவு சொல்ல வேண்டும்.

2. நீரேந்து எல்லையைக் கோடு போடுதல்

குளத்தின் அணைக்கட்டிலிருந்து தொடங்கி, இரு பக்கமும் மேட்டுத் தொடரைப் பிடித்துக்கொண்டு மேற்கே ஏறுங்கள். ஒரு பக்கம் விழும் மழைத்துளி குளத்துக்கு வரும், மறுபக்கம் விழுவது வேறு ஆற்றுக்குப் போகும். அந்தப் பிரிகோடுதான் எல்லை. வரைபடத்தில் பென்சிலால் போடுங்கள், அழிக்க வேண்டி வரும்.

இப்போது பலர் செய்மதி உயரத் தரவைக் கணினியில் போட்டு அரை மணித்தியாலத்தில் எல்லையை எடுத்துவிடுகிறார்கள். மலைநாட்டுக்கு அது சரி. நமது படுவான்கரையில் (மட்டக்களப்பு வாவியின் மேற்குப் பக்கம்) நிலம் தட்டை. தரவின் பிழை நிலத்தின் சரிவை விடப் பெரிதாக இருக்கும் இடங்கள் உண்டு. ஒரு வீதி, ஒரு வாய்க்கால் வரம்பு, யானைக்கு வெட்டிய அகழி போதும், வெள்ளத்தின் திசை மாறிவிடும். கணினிக் கோட்டை வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் கார்த்திகை, மார்கழி வெள்ளத்தில் அந்தக் கோட்டின் சந்தேகமான இடங்களுக்கு நடந்து போய்ப் பாருங்கள். மாடு மேய்ப்பவரும் குளத்தில் வலை போடுபவரும் கூட வந்தால் இன்னும் நல்லது. எந்த ஓடை எந்தப் பக்கம் பாயும் என்று அவர்களுக்குப் படம் பார்க்காமலே தெரியும்.

நீர் இயற்கையாக வந்து சேராத குளங்களும் உண்டு. அம்பாறையின் கொண்டவட்டுவான் குளத்துக்குச் சேனாநாயக்க சமுத்திரத்திலிருந்து வாய்க்கால் வழியாக நீர் வருகிறது. குளத்தைச் சுற்றி மட்டும் வட்டம் போட்டால் வேலை முடியாது. வாய்க்காலின் இரு கரையும் உங்கள் எல்லைக்குள் வர வேண்டும். சமுத்திரத்தின் மேற்பகுதியைப் பொறுத்தவரை, அதைக் காக்கவென்றே 1954இல் கல்ஓயா தேசிய பூங்கா பிரகடனப்படுத்தப்பட்டது. அங்கே உங்கள் உபவிதிக்கு வேலை இல்லை, வாய்க்கால் கரையில் நிறைய வேலை இருக்கிறது.

எல்லை கிடைத்ததும் அதன் மேல் பிரதேச சபை எல்லைகளையும் மாவட்ட எல்லையையும் வையுங்கள். நீரேந்துப் பிரதேசம் ஒரு சபைக்குள் அடங்குவது அபூர்வம். உங்கள் உபவிதி உங்கள் எல்லைக்குள் மட்டுமே செல்லும். மிச்சத்துக்கு அயல் சபை அதே வாசகத்தில் தானும் ஓர் உபவிதி செய்ய வேண்டும், அல்லது மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுவில் பேசி மற்றத் திணைக்களங்களைப் பிடிக்க வேண்டும். இதை இப்போதே தெரிந்துகொண்டால் அயல் சபையை முதல் கூட்டத்துக்கே அழைக்கலாம். எல்லாம் எழுதி முடித்துக் கையெழுத்துக்கு அனுப்பினால் அது கோபத்தில்தான் முடியும்.

3. எந்த நிலத்தில் யாருக்கு அதிகாரம்

இந்த வேலைக்கு நேரம் கொடுங்கள். முழுப் பயணத்திலும் இதுதான் கனமான படி.

ஒரு பெரிய தாளில் நிலவகையை இடப்பக்கமும், அதன்மேல் அதிகாரம் உள்ளவரை நடுவிலும், எந்தச் சட்டம் என்பதை வலப்பக்கமும் எழுதுங்கள். குளத்தின் நீர்ப்பரப்பும் அலைகரையும் (நீர் ஏறி இறங்கும் கரை நிலம்) ஒதுக்கீடும் நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டத்தின் (1946, இல. 32) கீழ் வரும். சிறு குளமும் வயல் நிலமும் 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின் கீழ். அரச காணியும் ஓடை ஒதுக்கீடும் அரச காணிகள் கட்டளைச் சட்டத்தின் (1947, இல. 8) கீழ்; நடைமுறையில் பிரதேச செயலாளரின் கையில். அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த பேர்மிட் காணிக்கு 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம். காடென்றால் வனப் பாதுகாப்புத் திணைக்களம், சரணாலயமென்றால் வனஜீவராசிகள் திணைக்களம். மணலும் கிறவலும் 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ்ப் புவிச்சரிதவியல் அளவை, சுரங்கங்கள் பணியகத்திடம்.

இவ்வளவையும் எழுதிவிட்டுப் பார்த்தால், குளத்தைச் சுற்றியுள்ள நிலத்தில் மிகப் பெரும் பகுதி சபையின் கையில் இல்லை என்பது தெரியும். முதலில் இது மனதை உடைக்கும். ஆனால் சபையிடம் என்ன இருக்கிறது என்று அடுத்த பக்கத்தில் எழுதுங்கள்: கட்டட அனுமதி, காணிப் பிரிப்பு அனுமதி, வியாபார அனுமதிப்பத்திரம், குப்பை, மலக்கழிவு, பொதுத்தொல்லை, சபை வீதிகள். தேசிய சுற்றாடல் சட்டத்தின் (1980, இல. 47) கீழ்ச் சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரம் வழங்கும் அதிகாரத்திலும், பாதிப்புக் குறைந்த தொழில்களின் பட்டியல் உள்ளூராட்சி மன்றங்களுக்கே ஒப்படைக்கப்பட்டிருக்கிறது. அலைகரையில் ஒருவர் வேலி போட்டால் சபையால் அகற்ற முடியாது. ஆனால் அங்கே கோழிப் பண்ணைக்கும் வாகனம் கழுவும் நிலையத்துக்கும் விடுதிக்கும் அனுமதி கொடுக்காமல் இருக்கச் சபையால் முடியும்.

உங்கள் சபைப் பகுதி நகர அபிவிருத்திப் பிரதேசமாகப் பிரகடனப்படுத்தப்பட்டதா என்றும் பாருங்கள். ஆமென்றால் கட்டட அனுமதிக்கு 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகாரசபைச் சட்டமும் அதன் ஒழுங்குவிதிகளும் பொருந்தும். இல்லையென்றால் 1915இன் வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டம். ஒரே சபைக்குள் ஒரு பகுதி இப்படியும் மறுபகுதி அப்படியும் இருக்கலாம். தொழில்நுட்ப உத்தியோகத்தரைக் கேட்டால் நிமிடத்தில் சொல்லிவிடுவார். கேட்காமல் எழுதியவர்கள் பின்னால் முழு அத்தியாயத்தையும் மாற்ற வேண்டியிருந்தது.

4. ஆபத்துகளை வரிசைப்படுத்துதல்

குளத்துக்கு வரும் ஒவ்வொரு ஓடையையும் வாயிலிருந்து மேல்நோக்கி நடந்து பாருங்கள். இரண்டு தடவை: ஒன்று மாரியில், ஒன்று ஆவணி, புரட்டாதியில் நீர் நன்றாக வற்றியபோது. கண்டதையெல்லாம் படத்தில் குறியுங்கள்.

இணையத்தில் கிடைக்கும் வெளிநாட்டு உபவிதிகளை மொழிபெயர்த்துக் கொண்டுவருபவர்களுக்கு இந்த இடத்தில்தான் வழுக்கும். அமெரிக்காவின் வட கரோலினாவில் 1989ஆம் ஆண்டின் மாநிலச் சட்டம் ஒன்று உள்ளூராட்சிகளை இப்படியான விதிகளைச் செய்யச் சொல்கிறது. அந்த விதிகளின் முதுகெலும்பு, ஒரு காணியில் கூரையும் தார்த்தளமும் எத்தனை வீதத்தை மூடலாம் என்பது. அங்கே புறநகர் வீடமைப்புதான் பெரிய ஆபத்து, ஆகவே அது அவர்களுக்குப் பொருத்தம். நமது குளங்களுக்கு மேலே கொங்கிரீற்று எங்கே இருக்கிறது? நமக்கு ஆபத்து வற்றிய குளத்துக்குள் செய்யும் பயிரும், அதற்கு அடிக்கும் மருந்தும். ஓடைக் கரையை உடைத்து அள்ளும் மணல், சேனைக்கு எரித்த சரிவிலிருந்து வரும் மண், நீரோரத்தில் இராத்தங்கும் மாட்டுப் பட்டி, குளத்தில் கழுவும் உழவு இயந்திரமும் மருந்துத் தெளிகருவியும், இருட்டில் வந்து மலக்கழிவைக் கவிழ்த்துவிட்டுப் போகும் பவுசர், இவைதான் நம்முடைய பட்டியல்.

வரிசைப்படுத்தும்போது மூன்று கேள்விகள் கேளுங்கள். நீர் எடுக்கும் இடத்துக்கு எவ்வளவு கிட்ட? சுத்திகரிப்பு நிலையத்தால் அகற்ற முடியுமா? நிறுத்தும் அதிகாரம் யாருக்கு?

இரண்டாவது கேள்வியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். சேற்றுக் கலங்கலை அலம் (படிகாரம்) போட்டு இறக்கிவிடலாம், செலவுதான். கிருமியைக் குளோரின் கொல்லும். ஆனால் கரைந்து வரும் நைத்திரேற்றும் பல பீடைகொல்லிகளும் சாதாரண மணல் வடியில் நிற்பதில்லை. பாசியும் இலைதழைச் சாறும் கூடிய நீரில் குளோரின் சேரும்போது வேண்டாத துணைச் சேர்மங்களும் உண்டாகின்றன. ஆகவே பார்க்க அருவருப்பான மாட்டுச் சாணத்தை விட, கண்ணுக்குத் தெரியாத மருந்துப் போத்தல் பட்டியலில் மேலே போகலாம்.

5. வலயம் பிரித்தல்

மூன்று வலயம் போதும். ஐந்து, ஆறு என்று பிரித்தால் அனுமதி கேட்டு வருபவருக்கும் புரியாது, எழுதுநருக்கும் புரியாது.

முதல் வலயம் குளமும் அதன் ஒதுக்கீடும் நீர் எடுக்கும் இடமும். இரண்டாவது, குளத்துக்கு வரும் ஓடைகளின் இரு கரையும். மூன்றாவது மிச்ச நீரேந்துப் பரப்பு. முதலாவதில் புதிதாக எதற்கும் அனுமதி இல்லை, இரண்டாவதில் நிபந்தனையோடு அனுமதி, மூன்றாவதில் பெரிய ஆபத்துகள் மட்டும் தடை. மூன்றாவது வலயத்திலும் எல்லாவற்றையும் தடுக்க வேண்டும் என்று ஆவேசப்படுபவர் ஒவ்வொரு கூட்டத்திலும் ஒருவர் இருப்பார். அங்கே ஊர்கள் இருக்கின்றன, பள்ளிக்கூடம் இருக்கிறது, வேளாண்மை நடக்கிறது. முழுத் தடை போட்டால் முழு மீறல்தான் நடக்கும்.

தூரத்தை எங்கிருந்து அளப்பது என்பதை எழுத்தில் போடாவிட்டால் எல்லாம் வீண். "குளத்திலிருந்து" என்று எழுதினால், கோடையில் நீர் பின்வாங்கிய பிறகு அப்போதைய நீரோரத்திலிருந்து அளந்து காட்டுவார்கள். தட்டையான குளத்தில் அந்த வித்தியாசம் பெரிது. "முழுக் கொள்ளளவு மட்டக் கோட்டிலிருந்து" என்று எழுதுங்கள். ஓடைக்கு "மாரிகால வெள்ளக் கரையிலிருந்து" என்று எழுதுங்கள்.

வலய எல்லையை முடிந்தவரை கண்ணுக்குத் தெரியும் பொருளோடு கட்டிவிடுங்கள்: வீதி, வாய்க்கால் வரம்பு, நில அளவைக் கல். ஜீ.பீ.எஸ். புள்ளிகள் அட்டவணையில் இருக்கட்டும். ஆனால் ஒரு கமக்காரர் தன் வரம்பில் நின்றுகொண்டு "நான் உள்ளேயா வெளியேயா" என்று தானே கண்டுபிடிக்க வேண்டும்.

6. உபவிதியை எழுதுதல்

இப்போது எழுதலாம். மற்றச் சட்டங்கள் ஏற்கெனவே தடுத்ததைத் திரும்ப எழுதாதீர்கள். மணல் அகழ்வைச் சபை தடைசெய்கிறது என்று எழுதினால், அந்த அதிகாரம் உங்களுக்கு இல்லையென்று முழு வரைவும் திரும்பி வரும். அதற்குப் பதிலாகச் சபை தன் கையிலுள்ள அனுமதிகளுக்கு நிபந்தனை வைக்க வேண்டும். ஒரு மாதிரி வாசகம்:

"முதலாம் வலயத்தினுள் எந்தவொரு புதிய கட்டடத்துக்கோ, காணிப் பிரிப்புக்கோ, வியாபாரத்துக்கோ சபை அனுமதி வழங்கலாகாது. இரண்டாம் வலயத்தினுள் அத்தகைய அனுமதி கோரும் ஒவ்வொரு விண்ணப்பத்துடனும் கழிவுநீர் எங்கே செல்கிறது என்பதைக் காட்டும் வரைபடமும், பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் எழுத்துமூல விதப்புரையும் இணைக்கப்படல் வேண்டும்."

ஏற்கெனவே இருப்பவற்றைத் தனி அத்தியாயமாக வையுங்கள். நேற்றுவரை சட்டப்படி நடந்த கடையை இன்று குற்றமாக்க முடியாது. இருப்பது இருக்கட்டும், பெருப்பிக்கக் கூடாது, கைமாறும்போதோ அனுமதி புதுப்பிக்கும்போதோ மலக்குழியையும் கழிவுநீரையும் சீராக்க வேண்டும் என்று கால அவகாசத்தோடு எழுதுங்கள். புதுப்பிக்கும் திகதிதான் உங்கள் பிடி.

தண்டப்பணத்தை நம்ப வேண்டாம். உபவிதிக்கான தண்டத்தின் உச்சவரம்பைச் சட்டமே வைத்திருக்கிறது, ஒரு பவுசர்காரருக்கு அது செலவே அல்ல. அனுமதியை இடைநிறுத்தும், புதுப்பிக்க மறுக்கும் பிரிவுகளைத்தான் கூர்மையாக எழுத வேண்டும்.

மாடுகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மேய்ச்சல் தரைப் பிரச்சினை நமது மாவட்டத்தில் எவ்வளவு சூடானது என்று எல்லோருக்கும் தெரியும். "கால்நடை நுழையத் தடை" என்று ஒரு வரி போட்டால் உபவிதி அந்தச் சண்டைக்குள் இழுபட்டுவிடும். பட்டி இராத்தங்கும் இடத்தை நீரோரத்திலிருந்து தள்ளி வைக்கவும், நீர் எடுக்கும் இடத்துக்கு எதிர்ப்புறமாக நீர் குடிக்க ஓர் இறங்குதுறை விடவும் எழுதினால் பாற்பண்ணையாளர் சங்கமே உங்களோடு நிற்கும்.

7. மக்களிடம் கொண்டுபோதல்

சபையில் தீர்மானம் எடுக்கும் முன்னரே இது நடக்க வேண்டும். தீர்மானத்துக்குப் பிறகு கூட்டினால் வருபவர்கள் கேட்க வருவதில்லை, எதிர்க்கத்தான் வருகிறார்கள்.

விதைப்பிலும் அறுவடையிலும் கூட்டம் வைக்காதீர்கள். மேல்பகுதியில் சிங்கள ஊர்கள் இருந்தால் படமும் விளக்கமும் சிங்களத்திலும் இருக்க வேண்டும், பேச ஆளும் வேண்டும். மண்டபத்தில் உரை நிகழ்த்துவதை விடப் பெரிய வரைபடத்தைச் சுவரில் ஒட்டிவிட்டு, ஒவ்வொருவரும் தங்கள் வளவைத் தேட விடுங்கள். பயம் பாதி அங்கேயே இறங்கும். "பேர்மிட்டைப் பறிக்கப் போகிறார்கள்" என்ற கதைதான் எப்போதும் முதலில் பரவும். உபவிதி காணி உரித்தைத் தொடாது என்று எழுத்திலேயே ஒரு பிரிவு வைத்து, அதை வாசித்துக் காட்டுங்கள்.

இன்னொரு கேள்வி வரும், அதற்கு ஆயத்தமாகப் போங்கள்: "பட்டணத்தார் குடிக்க நாங்கள் ஏன் கட்டுப்பட வேண்டும்?" குளத்தோரத்தில் குழாய் நீர் கிடைக்காத வீடுகள் இருந்தால் இதற்கு நேர்மையான பதில் ஒன்றுதான். அந்த ஊர்களுக்கான இணைப்பு எப்போது என்று நீர் வழங்கல் சபை அதிகாரி அதே கூட்டத்தில், அதே மேசையில் சொல்ல வேண்டும். அவர் இல்லாமல் இந்தக் கூட்டத்தை வைக்காதீர்கள்.

8. தீர்மானம், அங்கீகாரம், வர்த்தமானி

1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 122ஆம், 126ஆம் பிரிவுகளைச் சேர்த்து வாசித்தே உபவிதி செய்யப்படுகிறது. முன்னுரையில் இரண்டையும் குறிப்பிடுங்கள். சபையில் நிறைவேற்றும் முன் வரைவை உள்ளூராட்சி உதவி ஆணையாளருக்கு அனுப்பிக் கருத்துக் கேளுங்கள். நிறைவேற்றிய பின் திருத்தம் வந்தால் மறுபடி சபைக்குக் கொண்டுவர வேண்டும்.

அங்கீகாரம் மாகாண உள்ளூராட்சி அமைச்சருக்கு உரியது. கிழக்கு மாகாண சபை 2017இல் கலைந்த பிறகு தேர்தல் நடக்காததால், கோப்பு ஆளுநரிடம் போகிறது. அங்கீகாரம் கிடைத்து வர்த்தமானியில் வந்த பிறகே உபவிதிக்கு உயிர்.

இந்த இடத்தில் கோப்பு திரும்புவதற்கு வழக்கமான காரணங்கள் இரண்டு. வரைபடம் அட்டவணையாக இணைக்கப்படாமல் தனியே கிடக்கும். மூன்று மொழி வாசகங்களும் ஒன்றோடொன்று பொருந்தாது. வரைபடத்தை "முதலாம் அட்டவணை" என்று பெயரிட்டு உள்ளேயே வையுங்கள். மொழிபெயர்ப்பைக் கடைசி நிமிடத்துக்கு விடாமல் வலயப் பெயர்களையும் ஊர்ப் பெயர்களையும் மூன்று மொழியிலும் முதலே தீர்மானித்துவிடுங்கள்.

சபையின் அதிகாரத்துக்கு மிஞ்சிய பெரிய ஆபத்து இருந்தால் வேறு வழியும் உண்டு. தேசிய சுற்றாடல் சட்டத்தின் 24இ பிரிவின் கீழ் ஒரு பகுதியைச் சுற்றாடல் பாதுகாப்புப் பிரதேசமாகப் பிரகடனப்படுத்தலாம். தலங்கமைக் குளத்துக்கு அப்படிச் செய்யப்பட்டது. அதற்கான கோரிக்கையை மத்திய சுற்றாடல் அதிகாரசபைக்கு அனுப்பும்போது 2ஆம், 4ஆம் படிகளில் நீங்கள் சேர்த்த படமும் பட்டியலுமே ஆதாரமாகும்.

9. வர்த்தமானி வந்த அடுத்த வாரம்

சபையின் கட்டட விண்ணப்பப் படிவத்திலும் வியாபார அனுமதிப் படிவத்திலும் ஒரு பெட்டி சேருங்கள்: "காணி எந்த வலயத்தில்?" அதை நிரப்பாமல் எழுதுநர் விண்ணப்பத்தை ஏற்கக் கூடாது. உபவிதி வேலை செய்வதும் செய்யாததும் பெரும்பாலும் இந்தப் பெட்டியில்தான் இருக்கிறது. முன் மேசையில் வலய வரைபடத்தை ஒட்டிவிடுங்கள், கோப்புக்குள் பூட்டி வைக்காதீர்கள்.

தொழில்நுட்ப உத்தியோகத்தர், பொதுச் சுகாதாரப் பரிசோதகர் (பி.எச்.ஐ.), நீர்ப்பாசனத் திணைக்களத்தார், நீர் வழங்கல் சபையார் நால்வரும் வருடத்தில் இரு தடவை சேர்ந்து நடக்க வேண்டும். ஒன்று பெரும்போக விதைப்புக்கு முன், மற்றது குளம் வற்றி அலைகரை வெளியே தெரியும்போது. இரண்டாவது நடைதான் முக்கியம், புதிதாகப் போட்ட வேலியும் கிண்டிய குழியும் அப்போதுதான் கண்ணில் படும். கண்டதை அதே நாளில் உரிய திணைக்களத்துக்கு எழுத்தில் அனுப்பி, பிரதியைச் சபைக் கோப்பில் போடுங்கள். வாய்மொழியாகச் சொன்னதை ஆறு மாதம் கழித்து யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

பச்சை நீரின் மாதவாரி அறிக்கையையும் தொடர்ந்து கேட்டு வாங்குங்கள். முதல் வருடத்தில் எண்கள் இறங்கவில்லை என்று சபையில் யாராவது கேட்பார்கள். குளத்து அடிச்சேற்றில் சேர்ந்திருக்கும் பொசுபரசு சில வருடங்களுக்கு நீரில் கசிந்துகொண்டே இருக்கும். ஆகவே முதலில் பார்க்க வேண்டியது முதல் மழைக்கு வரும் கலங்கலும் ஈ. கோலையும், ஓடைக் கரை காக்கப்பட்டால் அவைதான் முன்னதாக அசையும்.